வாயிலேயே கிடக்கும் வசனம்

"தினமும் வேதம் வாசிக்கிறேன் சிஸ்டர். ஆனா மனசுல சந்தோஷமே இல்லை."

கோத்தகிரியில் மனநல ஆலோசகராக இருக்கும் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் இந்தப் பேச்சு காதில் விழாத மாதம் இல்லை. சொல்கிறவர்கள் ஏனோதானோ என்று இருப்பவர்களும் இல்லை. விடியுமுன் எழுந்து, போனில் உள்ள அட்டவணைப்படி மூன்று நான்கு அதிகாரம் முடித்துவிட்டு அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். வருடம் முடிவதற்குள் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை வந்துவிடுவார்கள். இவ்வளவு படித்தும் எனக்கு ஏன் இப்படி என்ற குற்றவுணர்வுதான் அவர்களை அதிகம் அரிக்கிறது.

உங்கள் பக்தியில் குறை இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

"இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்கிறது முதலாம் சங்கீதம். எத்தனை அதிகாரம் என்று அது கணக்குக் கேட்கவில்லை. தியானம் என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31-ல் இரையை விடாமல் உறுமுகிற சிங்கத்துக்கும், 38-ல் நோயில் கிடந்த எசேக்கியா ராஜா புறாவைப்போல் புலம்பியதற்கும் இதே சொல்தான். நாக்கும் தொண்டையும் சேர்ந்து செய்கிற வேலை அது.

இரண்டாம் சங்கீதத்தின் முதல் வசனத்தையும் பாருங்கள். "ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்?" இந்தச் 'சிந்திப்பானேன்' என்பதிலும் அதே ஹாகா! ஒரு சங்கீதத்தில் வாய் வேதத்தை முணுமுணுக்கிறது, அடுத்ததில் வீண்காரியத்தை. இதைக் கவனித்த பிறகு என் வேலையையே நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, கடன்காரன் நாளைக்கு வருவானே, மகள் கல்யாணம் என்னாகுமோ, நாத்தனார் அன்றைக்கு அப்படிச் சொன்னாளே என்று ஒன்றையே அசைபோடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். எங்கள் துறையிலும் மாடு அசைபோடுவதை வைத்துத்தான் இதற்குப் பெயர். அசைபோட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவலைப்படாதே என்று மட்டும் சொன்னால் வாய் காலியாகத்தான் இருக்கும், பழைய நினைப்பே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு ஒன்றைக் கொடுக்கவேண்டும்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். கணவர் இறந்துவிட்டார், திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் பேச்சை நிறுத்திவிட்டான். மூன்று அதிகாரம் வேண்டாம், ஒரே ஒரு வசனம் போதும் அக்கா என்றேன். புலம்பல் 3:22-ஐ அவரேதான் எடுத்தார். "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே." சீட்டில் எழுதி, மழையில் நனையாமலிருக்க பால் கவருக்குள் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார்.

எப்படிச் சொல்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். என் மேஜைக்கு மேலேயே கையை வைத்துக் காட்டினார். ரெண்டு இலை ஒரு மொட்டு ஒடிக்கும்போது "நாம்". அடுத்த கொழுந்துக்கு "நிர்மூலமாகாதிருக்கிறது". கை நிறைந்து கூடையில் போடும்போது "கிருபையே". சில நாள் நடுவில் உள்ள அந்த நீளமான சொல்லிலேயே நின்றுவிடுவாராம். "நிர்மூலம்னா வேரோட போறதுதானே சிஸ்டர்? கவ்வாத்து வெட்டுன செடி மாதிரி நான் மொட்டையா நிக்கிறேன். ஆனா வேர் போகல." சொல்லும்போது அழுதார். நானும் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டேன். துயரப்படுகிறவர்களையும் இயேசு பாக்கியவான்கள் என்றாரே, அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது அன்றைக்குத்தான்.

மனசுக்குள் கோபம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயேதான் முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். ஜெபம் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று ஒரு பிரசங்கியார் சொன்னதைக் கேட்டு, மனச்சோர்வுக்கான மருந்தைத் தானாகவே நிறுத்திய ஒரு பையனை எனக்குத் தெரியும். மீண்டு வர அவன் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்று அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம். அதனால் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், இலவசம். மருந்தும் வசனமும் சண்டைபோட்டு நான் பார்த்ததில்லை.

அந்த அக்கா போன வாரம் வந்திருந்தார். மகன் இன்னும் பேசவில்லை. மூன்று மணிவரைக்கும் தூங்குகிறாராம், முன்பு ஒரு மணிக்கே விழிப்பு வந்துவிடும். சரி, வேறு வசனம் ஏதாவது எடுத்துக்கலாமா என்று கேட்டேன்.

"இப்ப வேணாம் சிஸ்டர். இது இன்னும் முடியல."