அணிசேராமை

எங்கள் புதுச்சேரியில் ‘அணி’ என்றதும் தேர்தல் கூட்டணிதான் ஞாபகம் வரும். எதிலும் சேராமல் நிற்பவர் சுயேச்சை. 2021 தேர்தலில் 30 இடங்களில் ஆறு இடங்கள் அவர்களுக்கே போயின. (வென்றபின் யார் யார் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது வேறு கதை.)

வெளியுறவில் அணிசேராமை என்பதும் ஏறக்குறைய இந்தச் சுயேச்சைதான். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் இரண்டின் படைக்கூட்டிலும் சேராமல், ஒவ்வொரு சிக்கலுக்கும் தன் முடிவைத் தானே எடுப்பது. 1946 செப்டம்பர் 7 வானொலி உரையிலேயே நேரு இதைக் கோடிட்டுவிட்டார். 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. இயக்கமாக ஆனது 1961இல், யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடில்.

‘நான்-அலைன்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் பிரெஞ்சில் இருக்கிறது. ‘லீஞ்’ என்றால் கோடு, ‘அலிஞே’ என்றால் வரிசையில் நிறுத்துவது. இன்னும் பின்னே போனால் லத்தீனில் ஆளி நார்நூல். நம் கொத்தனார் நூல் பிடிக்கிறாரே, அதே நூல்! தமிழ் ‘அணி’க்கும் வரிசை, படைவகுப்பு என்ற பொருள்கள் உண்டு, அணிவகுப்பு அதிலிருந்து வந்ததுதான். ‘கூட்டுச்சேராமை’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிலாய் உருக்காலைக்குச் சோவியத் உதவி, கான்பூர் ஐ.ஐ.டி.க்கு அமெரிக்க உதவி என்று இரு பக்கமும் கூட்டு இருந்ததே.

‘நடுநிலை’ என்பது அதைவிடத் தவறு. புதுச்சேரியை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கையெழுத்திட்டது 1956 மே மாதம். அதன் நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆயிற்று. காரியம் பாதியில் நிற்கும்போதே, அதே 1956இல், எகிப்தின் சூயஸில் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் தாக்கியதை இந்தியா வெளிப்படையாகக் கண்டித்தது. நடுநிலைக்காரர் செய்கிற வேலையா இது? ஆனால் அதே சமயம் ஹங்கேரிக்குள் சோவியத் படை நுழைந்தபோது அந்தக் குரல் தயங்கியது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தக் கொள்கைக்குக் குறள் தேடுவோர் நடுவுநிலைமை அதிகாரத்துக்குப் போகிறார்கள். அது நீதி தவறாமை பற்றியது. போக வேண்டியது பகைத்திறம் தெரிதலுக்கு: ‘அழிவின்கண் தேறான் பகாஅன் விடல்’. நெருக்கடியில் ஒருவனை நம்பி ஒட்டவும் வேண்டாம், வெட்டிவிடவும் வேண்டாம். அதற்கு முந்தின குறளோ, துணையில்லாமல் இரண்டு பகைக்கு நடுவே நின்றால் ஒன்றைத் துணையாக்கிக்கொள் என்கிறது. 1971 ஆகஸ்டில் சோவியத்தோடு உடன்படிக்கை செய்த டெல்லி, ஒரு குறள் பின்னே போய்விட்டது என்பேன்.