கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படியுங்கள்

குறும்படப் போட்டி அறிவிப்பு வந்தால் போதும், ஒரே அச்சில் வார்த்த கதைகள் வந்து குவிகின்றன. பத்து நிமிடப் படம். ஏழு நிமிடம் மாமாவின் தொப்பை, மச்சானின் ஆங்கிலம், தாத்தாவின் மறதி. எட்டாவது நிமிடம் தாத்தா மயங்கி விழுவார். ஒன்பதாவது நிமிடம் வயலின். பிறகு பேரன் கேமராவைப் பார்த்து முதுமை பற்றிப் பேசுவான்.

போதும், தம்பிகளா.

"சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் கருத்தைச் சொன்னால் மனதில் நிற்கும்" என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் வேர். நிற்காது. ஏழு நிமிடம் தாத்தாவின் மறதியைக் கேலி செய்துவிட்டு, எட்டாவதில் அதற்காக அழச் சொன்னால் யார் அழுவார்? சிரிப்பு எங்கே வெடிக்கிறதோ அங்கேதான் கருத்தும் இருக்க வேண்டும். 2021இல் வந்த 'மண்டேலா' படத்தில் இரண்டு சாதிக்கும் ஓட்டு சரிசமம்; 'இளிச்சவாயன்' என்றே ஊர் கூப்பிட்ட முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டுக்கு இரு தரப்பும் அலைகிறது. சாதியைப் பற்றித் தனியாக என்ன பேச வேண்டும்? நம்மூர் சிங்கப்பூரில் 2002இல் வந்த 'ஐ நாட் ஸ்டுபிட்' படம், அப்போது தொடக்கப்பள்ளியில் ஆகக் கீழான பிரிவாக இருந்த இஎம்3 பிள்ளைகளைக் கேலிப்பொருள் ஆக்காமல், அவர்களை எடைபோட்ட பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தது.

உடனே ஒருவர் சாப்ளினைத் தூக்கிக்கொண்டு வருவார். 1940இல் வந்த 'தி கிரேட் டிக்டேட்டர்' உரையோடுதானே முடிகிறது? ஆமாம். சர்வாதிகாரி என்று நினைத்து முடிதிருத்துபவரை மேடையேற்றிவிடுகிறார்கள். (இங்கேயும் முடிதிருத்துபவர்தான்!) ஆள்மாறாட்ட நகைச்சுவையே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. உங்கள் பேரனை யார் நிறுத்தினார்கள்?

ஆகவே, உங்கள் திரைக்கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படியுங்கள். கருப்பொருள் காணாமல் போனால், அது கதையில் இருந்ததே இல்லை. அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் கல்யாணம், மறுபக்கம் சாவு என்று எழுதுகிறீர்களா? மரணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். சாவு வீட்டில் நாற்காலி போதவில்லை. கல்யாண வீட்டில்தான் கேட்டாக வேண்டும். கேட்கப் போகிறவர் துளியும் சிரிக்கக் கூடாது, தான் வேடிக்கையாக இருப்பது அவருக்குத் தெரியவும் கூடாது.

படத்தொகுப்பில் 'டொய்ங்' சத்தம் வேண்டவே வேண்டாம். அரங்கம் சிரித்த பிறகும் இரண்டு விநாடி வெட்டாமல் அந்த முகத்திலேயே நில்லுங்கள்.

இன்னொன்று, ஆங்கில வசனவரி. இங்கே பார்ப்பவர்களில் பலர் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். முழு வசனத்தையும் ஒரே நேரத்தில் போட்டால், நடிகர் பேசி முடிக்கும் முன்பே படித்துச் சிரித்துவிடுவார்கள். சிரிக்க வைக்கும் அந்தக் கடைசிச் சொல்லைப் பிரித்து, அவர் சொல்லும் நொடியில் காட்டுங்கள். இதையாவது செய்யுங்கள், புண்ணியமாய்ப் போகும்.