பல முகங்களால் ஆன ஒரு முகம்

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ரோமேர் பியர்டன் 1964-ல் செய்த 'புறா' என்ற கொலாஜ் (தாள் துண்டுகளை வெட்டி ஒட்டிய படம்) நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் அரை மீட்டருக்கும் குறைவு. கறுப்பின மக்கள் நிறைந்த ஒரு தெரு, வாசலுக்கு மேலே வெள்ளைப் புறா. கிட்டப் போய்ப் பார்த்தால் முகங்கள் பத்திரிகைப் படத் துண்டுகளால் ஆனவை. கண் ஓரிடத்திலிருந்து, வாய் வேறிடத்திலிருந்து. அந்த ஆண்டுப் படங்கள் பலவற்றில் ஆப்பிரிக்க முகமூடித் துண்டுகளும் உண்டு. ஆனாலும் ஒவ்வொன்றும் ஓர் ஆளாகத்தான் தெரிகிறது. எப்படி?

நம் மூளை கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாகக் கூட்டி முகத்தை அறிவதில்லை, முழுசாகவே எடுத்துக்கொள்கிறது. 1987-ல் பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. தெரிந்த ஒருவரின் மேல்பாதி முகத்தை இன்னொருவரின் கீழ்ப்பாதியோடு பொருத்திக் காட்டினார்கள். மேலே இருப்பது யார் என்று சொல்லப் பார்த்தவர்கள் திணறினார்கள், ஏனென்றால் இரண்டும் கலந்து மூன்றாவது முகம் ஒன்று உருவாகிவிட்டது. பாதிகளைக் கொஞ்சம் விலக்கி வைத்ததும் சட்டென்று சொல்ல முடிந்தது.

பியர்டனின் கத்தரிக்கோல் இந்த இரண்டு நிலைக்கும் நடுவே வேலை செய்கிறது. துண்டுகள் இடத்தில் பொருந்துகின்றன, அளவில் பொருந்துவதில்லை. கை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது, ஒரு கண் மற்றதைவிடப் பெரிது. மூளை சேர்க்கிறது, வெட்டு விளிம்பு பிரிக்கிறது. ஒரு பார்வையில் 'இன்னார்' என்று முடித்துவிட்டு நகர முடியாது. கறுப்பர் என்றாலே ஒரே அச்சில் வார்த்துக் காட்டிய நாட்டில் இதைவிடக் கூர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை.

1963-ல் நியூயார்க்கின் கறுப்பினக் கலைஞர்கள் சிலர் 'ஸ்பைரல்' குழுவைத் தொடங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு கொலாஜ் செய்யலாம் என்று பியர்டன் சொன்னார். மற்றவர்கள் ஆர்வம் காட்டவில்லை. சரி என்று தனியாகவே செய்தார். அப்புறம் தன் கொலாஜ்களை ஃபோட்டோஸ்டாட் என்ற கறுப்பு-வெள்ளை நகல் முறையில் பெரிதாக்கினார். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. வழவழப்பான தாள், சொரசொரப்பான தாள், வண்ணத் தாள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். ஒட்டிய விளிம்பின் மேடும் போய்விடும். மிஞ்சுவது அளவு முரண் மட்டும். அதனால் துண்டுகள் ஒட்டவைத்தவையாகத் தெரியாமல், அந்த மனிதர்களின் உடம்பாகவே தெரிகின்றன. 1964 அக்டோபரில் நியூயார்க் கூடம் ஒன்றில் இவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, பியர்டன் நகரச் சமூகநலத் துறையில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.