"சூப்பர் வண்டி சார்" என்பது வாரண்டி அல்ல

இந்த மாதத்தில் இது மூன்றாவது. நம்ம ஊர்ப் பையன், அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பழைய கார் வாங்கியிருக்கிறார். "இந்த ஏரியாவிலேயே இதைவிட நல்ல வண்டி கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்றாராம் விற்றவர். ஐந்தாவது வாரம் டிரான்ஸ்மிஷன் போய்விட்டது. "பொய் சொல்லி விற்றுவிட்டான், கேஸ் போடுங்கள் மேடம்" என்று வந்து நிற்கிறார். பேப்பரை வாங்கிப் பார்த்தேன். கார் கண்ணாடியில் ஒட்டும் பையர்ஸ் கைடில் "ஆஸ் இஸ்" கட்டத்தில் டிக். அதாவது வாரண்டி கிடையாது, இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று அர்த்தம். கீழே இவர் கையெழுத்து.

விளம்பரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலே இங்கே கோடிகளில் நஷ்டஈடு கிடைக்கும் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! "இறக்கை தரும் என்று விளம்பரம் செய்த எனர்ஜி டிரிங்க் ரெட் புல் மேல், இறக்கை முளைக்கவில்லை என்று கேஸ் போட்டு ஜெயித்தார்களே" என்கிறார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. 2014-இல் அந்த நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 1.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சண்டையும் இறக்கைக்காக அல்ல. ஒரு கப் காபியைவிட அதிகத் தெம்பு தருகிறதா இல்லையா என்பதுதான் விவகாரம். காபியோடு ஒப்பிட்டு அளக்கலாம். இறக்கையை எதை வைத்து அளப்பது?

அளக்க முடியாத புகழ்ச்சிக்கு இங்கே "பஃபரி" என்று பெயர். விவரமுள்ள யாரும் அதை நம்பிப் பணம் கொடுக்கமாட்டார் என்பது சட்டத்தின் கணக்கு. பாப்பா ஜான்ஸின் "பெட்டர் இன்கிரீடியன்ட்ஸ், பெட்டர் பிட்சா" வாசகத்தை எதிர்த்து பிட்சா ஹட் போட்ட வழக்கில் ஜூரி பிட்சா ஹட் பக்கம் நின்றது. 2000-இல் ஐந்தாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. தனியாக நின்றால் அந்த வாசகம் வெறும் புகழ்ச்சி. சாஸ், மாவு ஒப்பீடுகளோடு சேர்ந்தபோது தவறாக எண்ண வைத்தது உண்மைதான், ஆனால் ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கவில்லை என்றது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

அதனால் "நல்ல வண்டியா" என்று கேட்காதீர்கள். விபத்தில் அடிபட்டதா, எத்தனை ஓனர், என்ன பார்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் மெக்கானிக் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்பதும் கட்டுக்கதை. மூன்று நாள் அவகாசம் தரும் மத்திய அரசு விதி டீலர் கடையில் போய் வாங்கிய காருக்குப் பொருந்தாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், கையெழுத்துக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தப் பையனின் போனை வாங்கி மெசேஜ்களைத் தேடினேன். "டிரான்ஸ்மிஷன் ஜனவரியில் புதிதாக மாற்றியது" என்று விற்றவரே அனுப்பியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன்.