குழல் வாசிப்பவர் எங்கே மூச்சு விடுவார்?

போன வருடம் வடபழனியில் ஒரு ரெக்கார்டிங். இளம் இசையமைப்பாளர், அருமையான மெட்டு. வீட்டில் கணினியிலேயே முழுப் பாட்டையும் ப்ரோக்ராம் செய்து, அதிலிருந்தே நோட்டேஷனை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். புல்லாங்குழல் கலைஞர் தாளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "சார், இதுல நான் எங்க மூச்சு எடுக்கிறது?" ஒரே சுரம், எட்டு பார், அதாவது எட்டு தாளக் கட்டம். பாருக்கு 4 தட்டு, நிமிடத்துக்கு 60 தட்டு. ஆக 32 விநாடி, நடுவில் இடைவெளியே இல்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கணினிக்குள் இருக்கும் குழலுக்கு நுரையீரல் கிடையாது. விசையை அழுத்தியிருக்கும் வரை ஊதும்.

அன்றே இன்னொன்று. பி-ஃப்ளாட் க்ளாரினெட்டில் தாளில் உள்ள சி என்ற சுரத்தை வாசித்தால் காதில் விழுவது பி-ஃப்ளாட். சி கேட்க வேண்டுமென்றால் டி எழுத வேண்டும். அப்படி மாற்றித் தர மென்பொருளில் வழி இருக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் நான் அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் மாற்றி எழுதினேன். எட்டு வயலின் கலைஞர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கால்ஷீட் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான சுரத்தாள், தயாரித்துக் கொடுப்பதே என் தொழில் என்பதால் சொல்கிறேன்: கீபோர்டில் வாசித்ததை அப்படியே தாளாக மாற்றாதீர்கள். விரல் ஒரு நூலளவு தாமதமாக விழுந்தால், மென்பொருள் அதையும் விசுவாசமாக எழுதிவிடும். தட்டுக்கு ஒன்றாக நேராக விழ வேண்டிய நான்கு சுரங்கள், 32-இல் ஒரு பங்கு என்ற மிகச் சிறிய மௌனமும் அதன் பின்னால் வரிசையாக முடிச்சுப் போட்ட துண்டுகளுமாகத் தாளில் வந்து நிற்கும். கேட்டால் சாதாரண மெட்டு, பார்த்தால் முள்வேலி. எவ்வளவு தேர்ந்த கலைஞரும் அங்கே தடுக்கி விழுவார். முதலில் தாளத்துக்குள் நேராக்குங்கள், பிறகு தாளை எடுங்கள்.

'ஸ்ட்ரிங்ஸ்' என்று ஒரே ஒலியை வைத்து இரண்டு கையாலும் வாசிப்பதில் வேறொரு சிக்கல். அந்த ஒலி செல்லோவின் அடி வரை இறங்கும். வயலினின் கடைசித் தந்தி ஜி; அதற்குக் கீழே அந்த வாத்தியத்தில் சுரமே இல்லை. எந்தச் சுரம் வயலினுக்கு, எது வயோலாவுக்கு, எது செல்லோவுக்கு என்று பிரிப்பது நம் வேலை. அதே மாதிரி, குழலின் கீழ் ஸ்தாயி இயல்பிலேயே மெலிந்தது. கணினியில் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றிக் கேட்டுப் பழகிவிட்டு, அதே சத்தத்தைக் கூடத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

வீணைக்கு நான் ஐந்து கோட்டுத் தாளையே நீட்டுவதில்லை. ராகம், சுருதி, ச ரி க ம-வில் வரி. அப்புறம் ஒருமுறை பாடிக் காட்டினால் போதும். கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வீணைக் கலைஞரின் கையில் இருக்கிறது.

இளையராஜா கையால் ஸ்கோர் எழுத, கலைஞர்கள் தங்கள் பகுதியைப் பிரதி எடுத்துக்கொண்டு வாசிப்பது இந்த ஊரில் பழகிய முறை. கையால் ஒவ்வொரு சுரமாக எழுதும்போதே 'இதை வாசிக்க முடியுமா?' என்ற கேள்வி வந்துவிடும். அச்சுப் பொத்தானில் அந்த நேரம் காணாமல் போகிறது.

அதனால் ரெக்கார்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் குழல் வரியை நீங்களே பாடிப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே கோட்டுக்கு மேல் ஒரு காற்புள்ளி போடுங்கள். தாளில் மூச்சுக்குறி அதுதான். வில் எங்கே திரும்பும் என்று முதல் வயலின் கலைஞருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகு அச்செடுக்கலாம்.