கண் மின்னாத உருவம்: தோட்டக் காவலுக்கு வீட்டிலேயே செய்யும் இரவுக் கேமரா

டார்ச் அடித்தால் மாட்டுக்கும் நாய்க்கும் புள்ளிமானுக்கும் சிறுத்தைக்கும் கண் மின்னும். விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று அவற்றுக்கு உண்டு. காட்டுப்பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனிதனுக்கும் கிடையாது. அகச்சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்யும் மலிவான இரவுக் கேமராவை வாங்குகிறவர்களும் செய்கிறவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். "கண்ணு மின்னலீங்க, அப்ப பன்னிதான்" என்று முடிவுகட்டும் இடத்தில் குனிந்து நிற்பது, ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டு மடை திருப்ப வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரராக இருக்கலாம்.

தடாகம், மாங்கரை, தொண்டாமுத்தூர், காரமடை, சிறுமுகை, அந்தியூர், தாளவாடி என்று மலையடிவாரம் நெடுகச் சோளம், ராகி, கடலை, குச்சிக்கிழங்கு, வாழை போட்டவர்களுக்கு ராத்திரிக் காவல் புதிதில்லை. புதிதாக வந்தவை வீடியோக்கள். பழைய கேமரா, ஒரு சின்னத் திரை, ஒரு டார்ச் இருந்தால் வேட்டைத் துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்புக்குப் பின்னால் மாட்டிவிடலாம் என்று வெளிநாட்டுக்காரர்கள் செய்துகாட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதையே ஏர்கன்னுல மாட்டிக்கலாங்களா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. மாட்டும் வழியையும் இங்கே எழுதப்போவதில்லை. இது கையில் பிடித்தோ பரணில் கட்டியோ பார்க்கிற கருவி, அவ்வளவுதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 9-ஆவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. கொன்றால்தான் வேட்டை என்றில்லை. பிடிப்பது, பொறி வைப்பது, பிடிக்கத் துரத்துவது, அதற்கு முயல்வது எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வரும். ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாமே என்பது இங்கே உதவாது. அதைக்கொண்டு முயல் அடித்தாலும் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில், அதாவது வேட்டையாடக் கூடாத விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். தோட்டத்துக்காரர் கையில் அந்த அதிகாரம் இல்லை.

இனி கருவி. நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். கேமராவின் சிலிக்கான் சென்சார் 1000-ஐத் தாண்டியும் பார்க்கும். பகலில் நிறம் கெடாமல் இருக்க, அந்தக் கூடுதல் வெளிச்சத்தை ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி தடுத்து வைத்திருக்கிறது. அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத டார்ச்சை அடித்தால் கேமராவுக்கு மட்டும் வெளிச்சம். சூட்டைப் பார்க்கும் தெர்மல் கேமரா வேறு சாதி. மதுக்கரையில் ரயில் பாதையோரம் யானைகளைக் கண்காணிக்க 2024 பிப்ரவரியில் வனத்துறை 12 கோபுரங்களில் கேமராக்கள் நிறுவியதே, அதில் இருப்பது அந்த வகை. 5,000 ரூபாய்க்குள் அடங்குவது முதல் வகை மட்டும்தான்.

கோவையிலோ ஈரோட்டிலோ சிசிடிவி உதிரி விற்கும் கடையில் ஐ.எம்.எக்ஸ் 307 சென்சார் உள்ள 2 மெகாபிக்சல் ஏ.ஹெச்.டி (சிசிடிவியின் உயர்தெளிவு சிக்னல்) கேமரா போர்டு கேளுங்கள். 38 மில்லிமீட்டர் சதுரம் இருக்கும். அதோடு எம்12 (12 மில்லிமீட்டர்) மரையுள்ள 16 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. கார் ஆக்சசரீஸ் கடையில் ரிவர்ஸ் கேமராவுக்கு வைக்கும் 4.3 அங்குலத் திரை. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு டார்ச் ஒன்று, 18650 என்ற உருளை லித்தியம் செல் போடுவது, முன்பக்கம் இழுத்தால் வெளிச்சம் குவியும் வகை. கூடு செய்ய 63 மில்லிமீட்டர் பிவிசி பைப் 15 சென்டிமீட்டர் போதும். சொட்டுநீர் மெயின் லைன் போட்ட தோட்டத்தில் துண்டு எங்காவது கிடக்கும். போர்டின் மூலைக்கு மூலை 54 மில்லிமீட்டர் வருவதால் 50 பைப்பில் நுழையாது. 63-க்கு எண்ட் கேப் இரண்டு வாங்கி, ஒன்றின் நடுவில் லென்ஸ் போகிற அளவு துளை போடுங்கள்.

940 நானோமீட்டர் டார்ச்சும் கடையில் காட்டுவார்கள். 850-இன் முகத்தில் மங்கலான சிவப்புப் பொட்டு தெரியும், 940-இல் அதுகூடத் தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் 940-இல் சென்சாரின் பார்வை பாதிக்கும் கீழே விழுந்துவிடும். காவலுக்கு 850 போதும். சிவப்புப் பொட்டைக் கண்டு பன்றி திரும்பிப் போனால் நமக்கு லாபம்தானே. லேசர் வைத்த அகச்சிவப்பு விளக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு இமை மூடாது, கண்மணியும் சுருங்காது. சாதாரண 850 டார்ச்சைக்கூடக் கிட்டத்தில் வைத்து யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எரிகிறதா என்று பார்க்க ஃபோனின் செல்ஃபி கேமராவைக் காட்டினால் போதும், ஊதா வெள்ளையாகத் தெரியும்.

மின்சாரத்துக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயரில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும். கேமராவும் திரையும் சேர்ந்து 0.35 ஆம்பியர் சுற்றளவில்தான் இழுக்கும். பேட்டரியைப் பாதிக்குமேல் வடிய விடாமல் நிறுத்தினாலும் 11 மணி நேரம் ஓடும். பரணுக்கு இதுவே நல்லது. கையில் எடுத்துப்போக மூன்று 18650 செல்களைத் தொடராக இணைத்து, பாதுகாப்பு போர்டு வைத்துக் கட்டலாம். பாதுகாப்பு போர்டு இல்லாமல் தொடராகச் சார்ஜ் ஏற்றினால் ஒரு செல் நிரம்பி வழிய, இன்னொன்று பாதியில் நிற்கும், தீப்பிடிப்பது அங்கேதான். 9,900 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று அச்சடித்த செல்லை வாங்க வேண்டாம். அந்த அளவுச் செல்லில் 3,500 சுமாருக்கு மேல் அடங்காது. தராசில் வையுங்கள்: நல்ல செல் 45 கிராம் சுமார் இருக்கும், போலி லேசாக இருக்கும்.

இணைப்பு தருவதற்கு முன் மல்டிமீட்டரில் ப்ளஸ் மைனஸ் பார்த்துவிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் போர்டு ஒரு நொடியில் போகும். அடுத்து, திரையில் கோடுகள் மட்டும் ஓடினால் கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். போர்டு ஏ.ஹெச்.டி சிக்னல் தருகிறது, மலிவுத் திரைக்குப் பழைய சி.வி.பி.எஸ் மட்டும்தான் புரியும். பெரும்பாலான போர்டுகளில் வயரில் தொங்கும் சின்னக் குச்சிப் பட்டனைச் சில நொடி ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மாறிவிடும். வாங்கும்போதே கடைக்காரரை மாற்றித் தரச் சொல்வது நல்லது. அதே பட்டனில் மெனு திறந்து, பகல்-இரவு தானாக மாறுவதை நிறுத்திக் கறுப்பு-வெள்ளையில் நிலையாக வையுங்கள். சென்ஸ்-அப் என்று ஒன்று இருக்கும், ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை அதிக நேரம் சேர்ப்பது. அதை ஏற்றினால் படம் பளிச்சென்று வரும். நிற்கிற வரப்பும் மரமும் அழகாகத் தெரியும். ஓடுகிற பன்றி மட்டும் புகைபோல இழுபட்டுக் காணாமல் போகும். அதை அணைத்தே வையுங்கள்.

வடிகட்டிக் கண்ணாடி சில லென்ஸ்களில் பின்பக்கம் ஒட்டியிருக்கும். சாய்த்துப் பார்த்தால் சிவப்போ வெளிர்நீலமோ அடிக்கும் சதுரத் துண்டு. பிளேடு நுனியால் ஓரத்தைப் பிளந்து எடுக்கலாம். எடுத்ததும் ஃபோகஸ் மாறும்: கண்ணாடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு லென்ஸ் நகர வேண்டும். எம்12 மரை ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் போகும் என்பதால் கால் சுற்றுக்குள் சரியாகிவிடும். பகலில் ஃபோகஸ் செய்து மூடிவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. அகச்சிவப்பு வெளிச்சம் கொஞ்சம் தள்ளிக் குவியும். இருட்டிய பின், 50 மீட்டரில் ஒரு வெள்ளை உரச்சாக்கைத் தொங்கவிட்டு, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் பட்டைகள் ஒட்டி, டார்ச்சை அடித்தபடி லென்ஸைத் திருகுங்கள். பட்டைகள் தெளிவாகப் பிரிந்ததும் மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டால் அசையாது. சில டேப்பில் பட்டையே திரையில் தெரியாமல் போகலாம். கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் சாயம், அகச்சிவப்புக்குக் கண்ணாடியாக இருப்பதுண்டு. கறுப்புச் சட்டை வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். பைப்புக்கும் இதே கதை. வெள்ளை பிவிசி வழியாக வெளிச்சம் உள்ளே கசியும். வெளியே அலுமினிய ஃபாயில் டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.

டார்ச்சைக் கேமராவோடு ஒட்டிக் கட்டாதீர்கள். குறைந்தது ஒரு அடி தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பனியும் புழுதியும் பூச்சியும் லென்ஸுக்கு நேர் முன்னால் வெளுத்துக் கொட்டும். மார்கழிப் பனியில் ஒட்டிக் கட்டிய செட்டில் பத்தடிக்கு அப்பால் பால் ஊற்றினதுபோல்தான் இருக்கும். இரண்டையும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் இதே கோளாறு. கிளுவை வேலிக்கு மேலே வருமாறு உயர்த்துங்கள். பக்கத்தில் ஒரு இலை வெளிச்சத்தில் நின்றாலும் கேமரா அதற்கேற்பத் தன்னைக் குறைத்துக்கொண்டு, தூரத்தை இருட்டாக்கிவிடும். டார்ச் வட்டத்தை 50 மீட்டரில் திரையின் அகலம் நிரம்பும் அளவுக்கு விரியுங்கள், 17 மீட்டர் சுமார். இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும், இன்னொரு டார்ச் சேர்த்தால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இப்போது திரையில் என்னதான் தெரியும்? செடியின் பச்சை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் சோளக்காடு முழுக்க வெளுத்து, பனி விழுந்ததுபோல் கிடக்கும். அதன் முன்னால் சாம்பலாக ஒரு திட்டு நகரும். சென்சார் குறுக்கே 1920 புள்ளிகள் எடுத்தாலும் திரை காட்டுவது 480-தான். 50 மீட்டரில் ஒன்றேகால் மீட்டர் நீளப் பன்றிக்கு 35 புள்ளி கிடைக்கும். 100 மீட்டரில் 17. பதினேழு புள்ளியில் பன்றியும், நாயும், குத்தவைத்து உட்கார்ந்த ஆளும் ஒன்றுதான். 60 மீட்டருக்குள் இது என்ன என்று சொல்லலாம். அதற்குமேல் ஏதோ அசைகிறது என்று மட்டும் சொல்லலாம். அந்த ஏதோ ஒன்றை நோக்கித்தான் துப்பாக்கி நீட்டச் சொல்கின்றன அந்த வீடியோக்கள்.

தூரக் கணக்கும் ஏமாற்றும். 16 மில்லிமீட்டர் லென்ஸ் 20 டிகிரி அகலத்தைப் பார்க்கிறது. 9.5 சென்டிமீட்டர் அகலத் திரையை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் நம் கண்ணுக்கு அது 13.5 டிகிரிதான். அதாவது எல்லாமே 0.7 பங்காகச் சுருங்கித் தெரியும். 50 மீட்டரில் நிற்கும் யானை 70 மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோல் தோன்றும். 25 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் உருவம் ஏறக்குறைய உள்ளபடி வரும், பார்வை அகலம் 50 மீட்டரில் 11 மீட்டராகக் குறுகும். யானை வரும் பாதையில் தோட்டம் உள்ளவர்களுக்கு 25 நல்லது. எதைப் போட்டாலும் வரப்பில் 25, 50, 75 மீட்டரில் குச்சி நட்டு, முதல் குச்சியில் ஒரு பட்டை, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று லாரிக்கு ஒட்டும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். திரையில் அவை பொட்டுப் பொட்டாக எரியும். விலங்கு எந்தக் குச்சிக்கு இந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும்.

யானை தெரிந்தால் பரணைவிட்டோ சாளையைவிட்டோ வெளியே வராமல் வனச்சரக அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் போன் போடுங்கள். யார் தோட்டத்தில் அந்த நேரம் தண்ணீர் பாய்கிறது என்று சாயங்காலமே கேட்டு வைத்திருந்தால், யாரை முதலில் கூப்பிடுவது என்று தேட வேண்டாம். பன்றி என்றால் பரணில் இருந்தபடியே தகரம் தட்டி, சாதாரண டார்ச்சை அடித்து விரட்டுங்கள்.

திரையின் வெளிச்சத்தை அடி மட்டத்துக்கு இறக்கி, மேலே சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டுவதும் அவசியம். வெளிச்சத் திரையைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையில் வரப்பு துல்லியமாகத் தெரிந்த தைரியத்தில் உடனே இறங்கி நடந்தால் காலடி தெரியாது. பாம்பு ஒருபுறம் இருக்கட்டும், நம் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை. திரையை அணையுங்கள், கையில் சாதாரண டார்ச்சை எடுங்கள், அப்புறம் இறங்குங்கள்.