ஏழு நிமிடத் தாமதமும் ஒரு 'பரவாயில்லை'யும்

முந்தைய சந்திப்பு நீண்டுவிட்டதால் அன்று அவரை ஏழு நிமிடம் காக்க வைத்துவிட்டேன். உள்ளே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, பரவாயில்ல மேடம்" என்று சிரித்தார். சிரித்தபடியே கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

இவர் ஒரே ஆள் இல்லை. உளவியல் சிகிச்சைக்காக என் முன் அமர்ந்த பலரை ஒருவராகச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.

அவர் சிகிச்சைக்கு வந்தது தனிமையால். "நான் யார்கிட்டயும் சண்டை போட்டதே இல்ல. ஆனா யாருமே கூட நிக்க மாட்டேங்கறாங்க" என்பார். நண்பர், துணை, அலுவலகத்தில் நெருங்கியவர் என்று ஆட்கள் மாறினார்கள், கதை மாறவில்லை. யாராவது ஏதோ ஒன்றில் மனதைப் புண்படுத்துவார்கள். இவர் பரவாயில்லை என்பார். சில நாளில் இவருடைய பேச்சு குறையும், போனை எடுப்பது குறையும். காரணம் புரியாத எதிராளியும் கொஞ்சம் தள்ளி நிற்பார். "பார்த்தீங்களா, போயிட்டாங்க" என்று கதை முடியும்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைப் பிடிக்க அமெரிக்க உளவியலாளர் லெஸ்டர் லுபோர்ஸ்கி 1977-இல் ஒரு வழி சொன்னார். ஒருவர் சொல்லும் உறவுக் கதைகளில் மூன்றைத் தேட வேண்டும்: அவர் மற்றவரிடம் எதை எதிர்பார்த்தார், மற்றவர் என்ன செய்தார், அதற்கு இவர் என்ன செய்தார். இவருடைய கதைகளில் எதிர்பார்ப்பு ஒன்றுதான். வாய்விட்டுச் சொல்லாமலேயே தன் வலியை யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய உறவுகளில் உருவாகி நம்மை அறியாமலே தொடரும் வடிவங்களைப் பேசிப் பேசிப் புரிந்துகொள்ளும் முறையை சைக்கோடைனமிக் சிகிச்சை என்கிறோம். அது இந்த இடத்தில்தான் மற்ற ஆலோசனைகளிலிருந்து பிரிகிறது. "இனிமேல் மனதில் பட்டதைச் சொல்லிப் பழகுங்கள்" என்று முதல் நாளே நான் சொல்லியிருக்கலாம். அதை அவரிடம் எத்தனையோ பேர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நினைவில் கொண்டுவர முடியாததை மனிதர்கள் செயலில் திரும்பச் செய்கிறார்கள் என்று உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டு 1914-இல் எழுதினார். பழைய உறவில் உருவான உணர்வும் எதிர்பார்ப்பும் சிகிச்சையாளர் மீதும் வந்து படியும். இதற்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். முதலில் சிகிச்சைக்குப் பெரிய இடைஞ்சலாகத் தோன்றிய இதையே பிராய்டு பிறகு அதன் மிகப் பெரிய துணையாகக் கண்டார். அந்த ஏழு நிமிடம் எனக்குத் தந்ததும் அதுதான். அதுவரை வெளியில் நடந்ததாக நான் கேட்டுக்கொண்டிருந்த கதை, இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் பரவாயில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இவர் கோபித்துக்கொள்ளவில்லை என்று அப்படியே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். சிகிச்சையாளருக்குள் எழும் உணர்வும் ஒரு தகவல்தான் என்று உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் 1950-இல் எடுத்துக்காட்டினார். அன்று நான் அடைந்த நிம்மதியைத்தான் அவருடைய நண்பர்களும் ஒவ்வொரு முறையும் அடைந்திருப்பார்கள். அதனால்தான் யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் வந்தபோது கேட்டேன். "அன்னைக்குக் காத்திருந்தப்ப எப்படி இருந்தது?" ஒன்றுமில்லை என்றார். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நான் முக்கியமில்லைன்னு தோணுச்சு" என்றார். கண் கலங்கியது. கூடவே பயமும் வந்தது, நான் கோபித்துக்கொள்வேன் என்று. அவர் சிறு வயதில் முகம் சுளித்தாலே அம்மா மூன்று நாள் பேச மாட்டாராம். ஒரு குழந்தைக்கு மூன்று நாள் மௌனம் தாங்கக்கூடியதா? அந்த வீட்டில் பரவாயில்லை என்ற சொல்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அன்றைக்கு அது தேவைப்பட்டது, இன்றைக்கு அதுவே அவரைத் தனியாக்குகிறது.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுதான் இந்தச் சிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த அம்மாவுக்கும் கோபத்தைக் காட்ட வேறு வழி தெரிந்திருக்காது. காரணம் தெரிந்துவிட்டால் மறுநாளே மாறிவிடலாம் என்பதும் சரியில்லை. தெரிந்த பிறகும் அதே முடிச்சு வேறு வேறு இடத்தில் வரும், மறுபடி மறுபடி அவிழ்க்க வேண்டும். வாரம் ஒரு முறை, அதே நேரம், பெரும்பாலும் 50 நிமிடம் என்ற ஒழுங்கு அதற்காகத்தான். ஒழுங்கு இருந்தால்தான் ஒரு வாரம் வராமல் போனதற்குக்கூட அர்த்தம் கிடைக்கும். குறுகிய காலச் சிகிச்சை 16 அல்லது 24 சந்திப்புகளில் முடிவதுண்டு. ஆண்டுக்கணக்கில் போவதும் உண்டு. 2010-இல் அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஷெட்லர் இந்தச் சிகிச்சையைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பலன் மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, சிகிச்சை முடிந்த பிறகும் முன்னேற்றம் தொடர்கிறது என்பது அவர் எட்டிய முடிவு.

எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் இது முதல் படி ஆகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், வீட்டில் அடி உதை, யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் பாதுகாப்பும் மனநல மருத்துவரும்தான். மருந்தோடு சேர்த்தும் இந்தச் சிகிச்சையை எடுக்கலாம். சிகிச்சையாளரைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கு அவர்மேல் வருத்தம் என்றால் அதை அவரிடமே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொன்னதற்காக உங்களைக் குத்திக் காட்டினால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

சில மாதம் கழித்து, இரண்டு வாரம் விடுமுறையில் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். கை ஜிப்புக்குப் போனது, பாதியில் நின்றது. "எனக்கு இது பிடிக்கல மேடம்" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சொல்லுங்க" என்றேன்.